மூன்று தோடு, இரண்டு காது

பாங்காக்கில் இருப்பவனுக்கெல்லாம் கல் தெரியும் என்று சிட்லபாக்கத்தில் யார் கிளப்பிவிட்டார்களோ, ஆள் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். நான் அங்கே ஒரு ஏ.சி. கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். நான் குடியிருக்கும் தெருவில் ரத்தினக்கல் வியாபாரிகள் கடை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் சம்பந்தம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவனிடம் ஆபரேஷன் செய்யச் சொல்வார்களா? என் அக்கா சொல்வாள்.

அக்கா மகள் நிவேதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் மாலையைப் போட்டோமா, மேடையில் நின்றோமா, பந்தியில் உட்கார்ந்தோமா என்று திரும்பலாம் என்றுதான் ஐப்பசி மழையில் வந்து இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டியைக் கீழே வைக்கவில்லை, காபி வரவில்லை, அக்கா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருடா. மூளியாயிடுச்சு."

உள்ளே அவளுடைய வைரத் தோடு இரண்டும் கிடந்தன. ஏழு கல் தோடு. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. அக்கா கல்யாணத்தின்போதே அது பழைய நகை. மயிலாப்பூரில் யாரோ பெரிய குடும்பத்தில் விற்க, தரகர் வழியாக அப்பா வாங்கியது. கடைக்காரர்கள் ப்ளூ ஜாகர் என்று பயபக்தியோடு சொல்கிற ரகம். மிஷின் வராத காலத்தில் கையால் பட்டை தீட்டிய கற்கள். அதில் ஒரு தோட்டில் ஓரத்துக் கல் ஒன்றைக் காணோம். கல் இருந்த இடத்தில் பல் விழுந்த குழந்தையின் வாய் மாதிரி ஒரு பொந்து.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று அக்கா தோட்டை வெந்நீரில் பூந்திக்கொட்டை போட்டு ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறாள். சமையலறைத் தொட்டியிலேயே. குழாயையும் திறந்துவிட்டு. பிளம்பரைக் கூப்பிட்டுத் தொட்டிக்கடியில் இருந்த குழாயை எல்லாம் கழற்றிப் பார்த்ததில், பல வருஷம் முன்னால் தொலைந்த மூக்குத்தித் திருகாணி கிடைத்ததாம். கல் கிடைக்கவில்லை.

"வேற கல்லு வச்சுக் கட்டினா போச்சு. இதுக்கா இவ்ளோ அமர்க்களம்?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அதுக்குத்தானே நீ வந்திருக்கே" என்றாள் அக்கா. அப்புறம்தான் காபி வந்தது.

புதன்கிழமை விட்டு அடுத்த புதன் முகூர்த்தம். கல் பிரச்சினையில் முக்கியமான கட்சி அக்காகூட இல்லை, நிவேதாதான். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். நகை நட்டில் ஆசையே கிடையாது. புது வைரத் தோடு வாங்கித் தருகிறேன் என்று அவள் அப்பா எத்தனையோ கடைக்குக் கூட்டிப்போயும் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். கல்யாணத்தன்று அம்மாவின் தோடுதான் போடுவேன், இல்லையென்றால் வெறுங்காதோடு உட்காருவேன் என்று ஒரே பிடிவாதம்.

"ஏம்மா, அப்படி என்னதான் இருக்கு அந்தப் பழசுல?" என்று கேட்டேன்.

"புதுசு போட்டா எல்லாரும் தோட்டைத்தான் பாக்கறாங்க மாமா. அம்மா அதைப் போட்டுட்டு வந்தா அம்மா முகம் தெரியும். சின்ன வயசுல கரண்டு போனா மெழுகுவத்தி வெளிச்சத்துல அம்மா காதைத்தான் பாத்துட்டே இருப்பேன். பயமே இருக்காது."

தோட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை தாம்பரம் போனேன். சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரம் கூப்பிடு தூரம் என்று அக்கா வீட்டுக்காரர் நடராஜன் மாமா சொன்னார். கூப்பிட்டால் கேட்கும், போனால்தான் வராது. தெருவெல்லாம் தோண்டிப் போட்டு மழைத்தண்ணீர் நின்றது. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர். என் மடியில் யாரோ ஒரு அம்மாளின் கீரைக்கட்டு. பாங்காக்கில் மோட்டார் சைக்கிள் டாக்சியில் பின்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். ஆனால் அங்கே சொன்ன இடத்தில் இறக்கிவிடுவான். இங்கே ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் வண்டி நின்றது.

"எறங்கு சார். உள்ள தண்ணி நிக்கிது."

"மார்க்கெட்னு சொல்லித்தானேப்பா ஏத்தினே?"

"மார்க்கெட்டு எங்கயும் போவல சார், அங்கதான் கீது. நீ நடந்து போ. நான் வண்டிய உள்ள வுட்டா எஞ்சின் பூடும், நீயா குடுப்பே?"

பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, படி ஏறி ரயில்வே பாலத்தைத் தாண்டி, மேற்குத் தாம்பரம் போய்ச் சேர்ந்தேன். பெரிய நகைக்கடை. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். அதற்கு முன்பே மழை தெளித்திருந்தது.

விற்பனையில் இருந்த பையன் மிகவும் மரியாதையானவன். கறுப்பு வெல்வெட்டில் புதுக் கற்களைக் கொட்டி, ஒன்றை இடுக்கியால் எடுத்து அந்தப் பொந்தில் வைத்துக் காட்டினான். எனக்குக் கல் தெரியாது. ஆனால் கண் தெரியும். பழைய கற்கள் அத்தனையும் அடக்கமாக உட்கார்ந்திருக்க, நடுவே இது மட்டும் டியூப்லைட் போட்ட மாதிரிப் பளீர் பளீர் என்று வெட்டியது.

அப்போதுதான் முதல்தடவையாக அந்தத் தோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு கல் போல இன்னொரு கல் இல்லை. ஒன்று வட்டம் என்று பேர்தானே தவிர ஒரு பக்கம் சப்பை. ஒன்றில் பட்டைகள் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எதிரே இருந்த கல்லில் லேசாக மஞ்சள் ஓடியது. தீட்டியவன் கல் போன போக்கில் போயிருக்கிறான், கல்லை அடித்து ஒரே அச்சில் வார்க்கவில்லை. கடை விளக்கில் அவை தூங்கிக்கொண்டிருந்தன. நான் வாசல் பக்கம் திரும்பி, மழை இருட்டில், கையால் மறைத்துப் பிடித்தபோது உள்ளேயிருந்து சின்னச் சின்னதாகச் சிவப்பும் நீலமும் எழுந்து வந்தன. எங்கள் தெரு வியாபாரிகள் தாய்லாந்து பாஷையில் ஒருவருக்கொருவர் சொல்வது காதில் விழுந்திருக்கிறது: "வெளிச்சத்தில் எந்தக் கல்லும் நல்ல கல்தான். நிழலில் காட்டு." அது என்னவென்று தாம்பரத்தில் தெரிந்தது.

"சார், மிச்சம் பதிமூணையும் எடுத்துட்டு எல்லாம் புதுசா மாத்திடுங்க. லேப்ல வளர்த்த வைரம் இருக்கு, இதைவிட சூப்பரா மின்னும்" என்றான் பையன்.

"எனக்கு மின்ன வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நானே அக்கா மகள் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டது எனக்கே எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் தள்ளுவண்டியில் அத்தோ விற்றார்கள். பர்மாவிலிருந்து வந்த நூடுல்ஸ். புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், பூண்டு, தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தந்தார் ஒரு பெரியவர். பாங்காக்கில் நூடுல்ஸ் சாப்பிட்டே வாழ்கிறவன் நான். இதில் இருந்த புளிப்பு அங்கே எந்தக் கடையிலும் கிடையாது. அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை கல் விஷயமாக வெளியே போகக் கூடாது என்று அக்கா தடை போட்டுவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பத்திரிகை கொடுக்கப் போகலாமாம். ஐந்து வீடு, ஐந்து காபி, ஐந்து வீட்டிலும் "பாங்காக்லயா இருக்கீங்க? இந்த மோதிரக் கல்லு ஒரிஜினலா பாருங்க." எல்லாம் ஒரிஜினல் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை கோவிலம்பாக்கம். அங்கே ராசிக்கல் கடை வைத்திருக்கும் ஒருவர் பழைய கல் வாங்கி விற்பதாக நடராஜன் மாமாவுக்கு யாரோ சொன்னார்களாம். மாமா தன் ஸ்கூட்டரைக் கொடுத்தார். அது ரேடியல் ரோட்டில், சரியாகத் தண்ணீர் லாரிகள் வரிசைகட்டி வரும் நேரத்தில் நின்றுபோனது. உதைத்தேன், உதைத்தேன், கால்தான் வலித்தது. கடைசியில் கோவிலம்பாக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.

ராசிக்கல்காரர் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தார். நான் தோட்டை எடுப்பதற்கு முன்பே என் நட்சத்திரத்தைக் கேட்டார்.

"நான் கல்லு வாங்க வந்தேன், ஜாதகம் பாக்க வரல."

"கல்லு உங்களை வாங்கணும் சார். நீங்க அதை வாங்க முடியாது. இன்னா நட்சத்திரம்?"

சொல்லித் தொலைத்தேன். எனக்குச் செவ்வாய் சரியில்லையாம். பவளம் போடாமல் எந்தக் காரியமும் நடக்காதாம். ஸ்கூட்டர் நின்றதற்கும் அதுதான் காரணமாம். ஸ்கூட்டர் நின்றது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். என் சட்டை முழுக்கக் கிரீஸ்.

தோட்டை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அடேயப்பா. ஜாகர். இது எங்கிட்ட இல்ல சார். யார்கிட்டயும் தனிக் கல்லா கெடைக்காது. ஆனா இதே கட்டு, இதே வேலை, ஒத்தைத் தோடு ஒண்ணு முடிச்சூர்ல கீது. ஒரு டீச்சரம்மா. வருஷா வருஷம் வந்து இதுக்கு ஜோடி கெடைக்குமான்னு கேட்டுட்டுப் போவாங்க. ஜோடி போயி ஒத்தையா கெடக்கற தோட்டுலேர்ந்து ஒரே ஒரு கல்லு, குடுக்க மாட்டாங்களா இன்னா?"

"நம்பர் குடுங்க."

"குடுக்கறேன். பவளம் எந்த விரலுக்குப் போடறீங்க?"

பவள மோதிரத்தோடும் போன் நம்பரோடும் வெளியே வந்தேன். ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. இதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை முடிச்சூர். பெருங்களத்தூர் தாண்டி உள்ளே போகப் போக, போன தடவை வயலாகப் பார்த்த இடமெல்லாம் மனைகள், மனைகள் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. வசந்தா டீச்சர் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அவர் போனில் சொன்னபடி, கீழ் வீடு பூட்டிக் கிடக்க, மாடியில் குடும்பம் நடத்துகிற வீடு எது என்று கேட்டால் காட்டிவிட்டார்கள்.

டீச்சருக்கு அறுபது தாண்டியிருக்கும். கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கணவர் பால்கனியில் உட்கார்ந்து போனில் மழை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "செம்பரம்பாக்கம் ஏரில இன்னும் இடம் இருக்கு" என்றார். மறுபடியும் போனுக்குள் போய்விட்டார்.

டீச்சர் பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். இந்த வீட்டில் எல்லாமே பரணில்தான் இருந்தது. மிக்ஸியும், ஆல்பங்களும், துணிப்பெட்டியும். டப்பாவுக்குள் சிவப்புத் துணியில் ஒரே ஒரு தோடு. நான் அக்காவின் தோட்டைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே பட்டறையில் செய்த மாதிரி இருந்தன. அதே மாதிரி சப்பையும் கோணலுமாக ஏழு கற்கள், அதே தூங்குமூஞ்சி வெளிச்சம்.

"ஒரு கல்லு மட்டும் போதும் டீச்சர். நீங்க என்ன சொல்றீங்களோ..."

"ஒடைக்க மாட்டேன் தம்பி."

"ஒத்தையா வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் எவ்வளவு முரட்டுத்தனம் என்று புரிந்தது. டீச்சர் கோபப்படவில்லை. வகுப்பில் தப்பான விடை சொன்ன பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல ராத்திரியோட ராத்திரியா தண்ணி வந்துச்சு. கீழ் வீடு முழுக்கப் போயிடுச்சு. விடிஞ்சு படகு வந்து, மொட்டை மாடிலேர்ந்து எறங்கி ஏறினோம். படகுல உக்காந்தப்புறம் காதைத் தொட்டுப் பாத்தேன். இந்தப் பக்கம் இருந்துச்சு, அந்தப் பக்கம் இல்ல. திருகு எப்பக் கழண்டுச்சோ. எங்க தெருதான் அது, ஆனா அன்னிக்கு எங்க பாத்தாலும் தண்ணி. எங்கன்னு தேடுவேன்? வீட்டுல அத்தனை போச்சு தம்பி, கட்டில், பீரோ, சர்டிபிகேட்டு. இது ஒண்ணுதான் அந்த வீட்டுலேர்ந்து என்கூட வந்துச்சு. அதைப்போயி பிரிச்சுக் குடுன்னா எப்படி?"

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவிடம் குறையில்லாத தோடு ஒன்று இருக்கிறது. டீச்சரிடம் குறையில்லாத தோடு ஒன்று இருக்கிறது. உடைப்பானேன்? இரண்டையும் சேர்த்தால் ஒரு ஜோடி.

"கல்யாணத்துக்கு மட்டும் எரவல் குடுப்பீங்களா டீச்சர்? முகூர்த்தம் முடிஞ்சதும் கையோட திருப்பித் தந்துடறோம். நீங்களும் வாங்க."

டீச்சர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்தது நான் நினைத்த விஷயத்தைப் பற்றி இல்லை.

"கல்யாணப் பொண்ணு காதுல ஏறப் போறது. ஒத்துக்குமான்னு பாக்காம எப்படிப் போடறது? எடுத்துட்டுப் போயி மஞ்சத்துணியில முடிஞ்சு சாமிகிட்ட வைங்க. மூணு ராத்திரி போகட்டும். வீட்டுல ஒண்ணும் கெடுதல் வரலைன்னா போடுங்க. வந்தா திருப்பிக் குடுத்துடுங்க."

வைரம் வாங்கினால் மூன்று ராத்திரி வீட்டில் வைத்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. கடைக்காரர்களே கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆனால் கணக்கு டீச்சர் இதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அதுவரைக்கும் உங்க குறைத் தோட்டை இங்க வச்சுட்டுப் போங்க. எனக்கு டப்பா காலியா இருக்கக் கூடாது" என்றார்.

வந்தது வினை. வியாழன் ராத்திரி தோட்டை மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் மோட்டார் புகைந்தது.

"பாத்தியா?" என்றாள் அக்கா.

"என்ன பாத்தியா? அந்த மோட்டாரு நிவேதா பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது!"

சனிக்கிழமை ரவிக்கை தைக்கிறவள், நிவேதாவின் முகூர்த்த ரவிக்கையில் கையைக் குட்டையாக வெட்டிவிட்டாள் என்று போன் வந்தது. அக்கா அலமாரியைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் நடராஜன் மாமா ஏரிக்கரை நடைபாதையில் நாய் வாலை மிதிக்காமல் இருக்கத் தாவி, காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "நான் எதுவும் சொல்லல" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"கொண்டுபோய்க் குடுத்துடு. வெள்ளத்துல பொழச்ச நகை. அந்த வீட்டுல என்னென்ன பாத்துச்சோ. எம் பொண்ணு காதுல வேண்டாம்" என்றாள் அக்கா.

எனக்கு வந்ததே கோபம். "நீ பிரஷ்ஷு போட்டுத் தேய்ச்சுக் கல்லைத் தொட்டில விட்டியே, அப்ப எந்த வெள்ளம் வந்துச்சு? எந்தக் கல்லு கெடுதல் பண்ணுச்சு? மோட்டாரு கிழடு, டெய்லரு அரைகுறை, மாமாவுக்குக் கண்ணு தெரியல. ஒரு வாரமா சாக்கடைலயும் ரோட்டுலயும் நாயா அலையறேன். இந்தப் பாவப்பட்ட தோடா உனக்குக் கெடச்சுது?"

நிவேதா அறைக்குள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் சத்தம் போட்டா நான் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கறேன்" என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது. இரண்டு பேரும் அடங்கினோம். அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு பொருள், அது கைக்கு எட்டுகிற தூரத்தில் மஞ்சள் துணியில் இருந்தும் போட்டுக்கொள்ள முடியாது என்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோட்டை எடுத்துக்கொண்டு முடிச்சூர் கிளம்பத் தயாராகச் செருப்பு மாட்டும்போது, டீச்சரிடமிருந்து போன்.

"தம்பி, மூணு ராத்திரி ஆச்சே, உங்க தோட்டை எடுக்க வந்துகிட்டிருக்கீங்களா? வராதீங்க. உங்க குறைத் தோடு வந்த வேளை, என் கீழ் வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. வெள்ளத்துக்கப்புறம் ஒருத்தர்கூட வந்து எட்டிப் பாக்கல. நேத்து வந்து அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. கல்யாணம் வரைக்கும் அது இங்கயே இருக்கட்டும். நான் மண்டபத்துல கொண்டாந்து குடுக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். அவள் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது.

"நம்ம வீட்டுத் தோடு அங்க போயி நல்லது பண்ணுதா?"

"பண்ணுதாம்."

"அப்ப அவங்க தோடு அங்க இருந்த கெட்டதை எல்லாம் சுமந்துகிட்டு வந்து இங்க எறக்கி வச்சிடுச்சு. மோட்டார், ரவிக்கை, உங்க மாமா காலு, எல்லாம் அதுதான். எறங்கியாச்சு. இனிமே அது சுத்தம்." கரண்டியை ஆட்டிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள். "செருப்பைக் கழட்டு. பொங்கல் ஆறுது."

முப்பது வருஷமாக நான் வரவு செலவு எழுதுகிறேன். இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் கூட்டல் சரியாக வந்ததால் நான் கேள்வி கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, வேளச்சேரி ரோட்டில் மண்டபம். மழை கொட்டியது. வாசலில் கட்டிய வாழைமரம் ஒன்று சாய்ந்தது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி போனாள். நிவேதா மேடைக்கு வந்தபோது, ஒரு காதில் அவள் அம்மாவின் தோடு, இன்னொரு காதில் டீச்சருடையது. ஹோமப் புகையிலும் நெருப்பு வெளிச்சத்திலும் அவை தலை அசையும்போதெல்லாம் மெதுவாக எரிந்தன. ஒன்று எரிந்து முடித்து ஓய்ந்த பிறகு இன்னொன்று எரிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருவர் இன்னொருவரிடம், "பொண்ணு முகம் என்னா களை" என்றார். தோட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் மாலையை எடுத்துக் கொடுக்க மறந்து நின்றதற்கு ஐயர் என்னைத் திட்டினார்.

வசந்தா டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணவர் வரவில்லை. மழை நாளில் அவர் வீட்டை விட்டு நகர மாட்டாராம். தாலி கட்டும்போது எல்லாரும் அட்சதை போட எழுந்தார்கள். டீச்சர் கையில் அட்சதையோடு நிவேதாவின் காதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முகூர்த்தம் முடிந்து, மணப்பெண் அறையில் நிவேதா புடவை மாற்றிக்கொண்டு தோடுகளைக் கழற்றினாள். டீச்சர் கைப்பையிலிருந்து எங்கள் குறைத் தோட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். தன்னுடையதை வாங்கக் கையை நீட்டினார். நிவேதா கொடுக்கவில்லை.

"டீச்சர், ஒரு தடவை ரெண்டையும் நீங்க போட்டுப் பாருங்க."

"எனக்கெதுக்கும்மா?"

"போடுங்களேன்."

அக்காதான் போட்டுவிட்டாள். இரண்டு காதிலும் அவளே திருகாணியைத் திருகி, தோளைப் பிடித்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். டீச்சர் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். வெளியே நாதஸ்வரத்தில் ஏதோ வாசித்தார்கள். டீச்சர் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். "போதும் போதும்" என்று அவரே அவசரமாக இரண்டையும் கழற்றினார். ஒன்றை அக்காவிடம் கொடுத்து, ஒன்றைத் தன் டப்பாவில் வைத்து மூடினார்.

மழையில் ஆட்டோ கிடைக்கவில்லை. டீச்சரை வீட்டில் விட்டுவிட்டு வா என்று என்னைக் காரோடு அனுப்பினார்கள். சாப்பிடாத வயிறு. கல்யாணப் பந்தியில் தாய்மாமனுக்கு முதல் இலை என்பார்கள். எனக்கு வண்டி ஸ்டீயரிங். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பெருங்களத்தூர் வரைக்கும் டீச்சர் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அப்புறம் சொன்னார்.

"தம்பி, நான் மாத்தி எடுத்துட்டேன்."

"எதை?"

"உங்க அக்கா தோடுதான் என்கிட்ட இருக்கு. என்னோடதை அவங்ககிட்ட குடுத்துட்டேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"பத்து வருஷமா ஜோடி தேடினேன்னு நெனச்சீங்களா? தேடினேன்தான். ஆனா அந்தத் தோட்டை எப்பத் திறந்து பாத்தாலும் எனக்குத் தண்ணிதான் தெரியுது. கல்லே தெரியல. இன்னிக்கு உங்க பொண்ணு காதுல பாத்தேன். அது எவ்ளோ அழகுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அது அங்கயே இருக்கட்டும், கல்யாண வீட்டுல. எனக்குத் தண்ணி பாக்காத ஒண்ணு வேணும், டப்பாவுல வச்சுக்க." டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "உங்க அக்காவுக்கு மனசு வரலைன்னா இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க. நான் திருடி இல்ல."

இதென்ன பாடு! டப்பாவை எடுத்தால் இந்த அம்மாள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? எடுக்காவிட்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்? அவள் கல்யாணத் தோடு. அப்பா வாங்கியது. வண்டியை எடுத்து, முடிச்சூரில் அவரை வாசலில் இறக்கினேன். கீழ் வீட்டு ஜன்னலில் புதுத் திரைச்சீலை. டப்பா அவர் கையில்தான் இருந்தது. வாங்கிக்கொள்ள என் கை நீளவில்லை.

திரும்பும்போது அக்காவிடமிருந்து போன். எப்படியும் சொல்லியாக வேண்டும் என்று, "அக்கா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"தோடு மாறிடுச்சு, அதானே?"

"உனக்கு எப்படி..."

"முப்பது வருஷம் எங்காதுல இருந்த திருகுடா. ஒரு சுத்துலயே எந்தக் காதுல எதுன்னு தெரியாது? அந்தம்மா குடுக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா விட்டே? அப்பா வாங்கின தோடு!"

பந்தியில் யாரோ ரசம் ரசம் என்று கூவிக்கொண்டு போவது கேட்டது.

"அவங்க கண்ணாடியைப் பாத்தாங்களே, நீ பாக்கலையா?" என்றாள் அக்கா. "யார்கிட்டயும் ஒளறி வைக்காதே. சீக்கிரம் வந்து சேரு. உனக்கு எலை போட்டு வச்சிட்டு எவ்ளோ நேரம்டா நான் பக்கத்துல நிப்பேன்?"